கயிறு கோக்க ஓர் இடம்

பகை நாட்டுக் கொடியை அந்தத் தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டே தைப்பார். ஊர்வலங்களில் கொளுத்துவதற்கு அடிக்கடி கேட்பார்கள். அந்த நாட்டில் வாழ்க்கைப்பட்ட தங்கையை, எல்லையை மூடிய பிறகு அவர் பார்க்கவே இல்லை. இப்போது நட்புக் கால்பந்தாட்டத்தில் ஏற்றுவதற்கு அதே கொடியைக் கேட்டார்கள். கனவில் மிதப்பவர்போல் தைத்து முடித்தார்.

மனைவி விரித்துப் பார்த்தாள். "ஏங்க, கயிறு கோக்க இடமே விடலையே?"

"எரிக்கிறதுக்கு எதுக்குக் கயிறு?" என்றவர், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நல்லா இருக்கு. ஆட்டம் நல்லபடியா நடந்தா எல்லையைத் திறப்பாங்களாம். நீங்களே கெடுத்துருவீங்க போல."

விளிம்பை மடித்து, கயிறு நுழைய வழிவிட்டுத் தைத்தார். ஆட்டத்தன்று கொடி மெல்ல அசைந்தது, கடைசியாக வழியனுப்பிய நாளில் பேருந்து ஜன்னலில் தங்கையின் கை அசைந்ததுபோலவே. யார் வென்றது என்று அவர் பார்க்கவில்லை.

அதன்பின் கொளுத்தக் கொடி கேட்டு யாரும் வரவில்லை. வியாபாரம் படுத்துவிட்டது, தங்கை வந்துவிட்டாள்.