சுந்தரவல்லி பார்க்காத பாதி

சிட்லபாக்கத்து சுந்தரவல்லிக்கு சினிமா விமர்சகர் என்று யாரும் பட்டம் கொடுக்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை காலை பீச் போகும் மின்சார ரயிலின் லேடீஸ் பெட்டியில் அவள் வைத்ததுதான் சட்டம். மாம்பலத்தில் ஒரு ஜவுளிக் கம்பெனியில் வேலை. சனிக்கிழமை அரை நாள். ஆபீஸ் விட்டதும் நேரே குரோம்பேட்டை தியேட்டரில் மேட்னி, திங்களன்று ரயிலில் விமர்சனம். கீரை ஆய்ந்துகொண்டும் பூ கட்டிக்கொண்டும் பெட்டியே காது கொடுக்கும். "ஹீரோவுக்கு அழவே வரலடி. மூக்குல மிளகாப்பொடி போன மாதிரி மூஞ்சிய வச்சிக்கறான்" என்பாள். "ஆனா மாமியாரா வர்றாளே ஒருத்தி, எழுந்து போய் அறையணும்போல இருந்துது." சரியில்லை என்று அவள் சொல்லிவிட்டால் அந்தப் படத்துக்கு ஒருத்தியும் போக மாட்டாள்.

இதில் ஒரு சின்ன வில்லங்கம். இரண்டு வருஷமாக அவள் எந்தப் படத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை.

மழை பொய்த்து, கிணறும் போரும் வறண்டுபோன காலம் அது. அவள் தெருவுக்குத் தண்ணீர் லாரி சனிக்கிழமை சாயங்காலம்தான் வரும். கணவர் சத்யநாராயணனுக்கு அன்றைக்கு முழு நாள் வேலை. குடங்களோடு வரிசையில் நிற்க அவளை விட்டால் ஆளில்லை. இடைவேளை விட்டதும் முதல் ஆளாக எழுந்து ஓடுவாள். மீதிப் படத்தை லாரிக்குக் காத்திருக்கும்போது தானே யோசித்து முடித்துக்கொள்வாள். இடைவேளைக்கு மேல் என்ன பெரிய அதிசயம் நடந்துவிடப் போகிறது? வில்லன் உதை வாங்குவான், பிரிந்தவர்கள் சேர்வார்கள். முக்கால்வாசி சரியாகவே இருந்தது. தாம்பரத்தில் ஏறும் ஜெயசீலி எப்போதாவது, "நீங்க சொன்ன மாதிரி முடியலையேக்கா" என்று இழுத்தால், "உங்க தியேட்டர்ல ரீலை வெட்டிட்டான் போல" என்று கூசாமல் சொல்வாள்.

அந்த வாரம் பார்த்தது ஓர் ஆட்டோக்காரனின் கதை. அவனுடைய ஒரே பையனுக்கு இதயத்தில் ஓட்டை. சுந்தரவல்லிக்குப் படம் ரொம்பவே பிடித்துவிட்டது. "அப்பனும் புள்ளையும் பேசிக்கறது நம்ம வீட்ல பேசற மாதிரியே இருக்கு. பொய்யே இல்ல" என்று ரயிலில் உருகிக்கொண்டிருந்தாள். பல்லாவரத்தில் ஏறும் காமு குறுக்கே கேட்டாள்.

"அக்கா, அந்தப் பையன் பொழச்சிக்கிறானா?"

காமு கிண்டியில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைப்பவள். எந்தப் படமானாலும் அவளுக்கு இது ஒன்றுதான் தெரிய வேண்டும். பல வருஷத்துக்கு முன் அவளுடைய பையன் காய்ச்சலில் போய்விட்டான். பெட்டியில் எல்லோருக்கும் தெரியும்; யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. அவளும் வாயைத் திறந்ததில்லை.

"எங்க பொண்ணு துர்கா சனிக்கிழமை குரோம்பேட்டைல மேட்னிக்கு இட்டுகினு போறேன்னு ஒரே நச்சரிப்பு. புள்ள சாவுற படம்னா எனக்கு வாணாங்க்கா. அதான் கேக்கறேன்."

"தெரியாதுடி, நான் பாக்கல" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பெட்டி முழுக்க அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. "ஆபரேஷன் பண்ணிக் காப்பாத்திடறாங்க. தைரியமா போ" என்றாள் சுந்தரவல்லி.

சனிக்கிழமை. மாதக் கடைசி, ஆபீஸில் கிளம்பவே தாமதமாகிவிட்டது. கைப்பையை எடுக்கும்போது பக்கத்து மேஜை விஷ்ணுப்ரியா அதே படத்தைப் பற்றி ஆரம்பித்தாள். "நேத்து பார்த்தேன் மேடம். கடைசில அந்தக் குழந்தை போயிடறான். வீட்டுக்கு வந்தும் அழுதுண்டே இருந்தேன்."

சுந்தரவல்லி கடிகாரத்தைப் பார்த்தாள். காமு இந்நேரம் தியேட்டரில் உட்கார்ந்திருப்பாள். போய்ச் சொன்னால் தன் வண்டவாளம் வெளியே வரும். திங்கட்கிழமை பெட்டியே சிரிக்கும். போகாவிட்டால் காமு அந்தக் காட்சியைப் பார்ப்பாள். ரயிலில் குரோம்பேட்டை வரை தன்னைத்தானே திட்டிக்கொண்டே வந்தாள்.

அவள் போய்ச் சேரவும் இடைவேளை விடவும் சரியாக இருந்தது. கேட்டில் டிக்கெட் கிழிக்கும் பாலகுரு சிரித்தார்.

"இன்னாம்மா, எப்பவும் இந்த டயத்துல வெளிய ஓடுவ. இன்னிக்கு உள்ள வர்ற?"

அவரைத் தாண்டி நுழைந்தாள். காமுவும் துர்காவும் கேன்டீன் பக்கம் முறுக்கோடு நின்றிருந்தார்கள்.

"காமு, கிளம்பு. அந்தப் பையன் பொழைக்கலையாம். நான் பாதிதான் பார்த்தேன். மீதியைப் பாக்காமலே சொல்லிட்டேன்."

"பாக்காமயா?" என்றாள் காமு. "இது ஒண்ணா, எல்லாமேவா?"

"ரெண்டு வருஷமா எல்லாமே."

துர்காவுக்குச் சுர்ரென்று வந்தது. "இன்னா ஆன்ட்டி நீங்க? உங்களை நம்பித்தான எங்கம்மா வந்துச்சி?" சுந்தரவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கத்தில் காது சுட்டது. மணி அடித்தது. ஜனங்கள் உள்ளே போனார்கள். காமு மட்டும் நகரவில்லை.

"அந்தப் பையன் சிரிக்கறது எங்க புள்ள மாறியே கீதுக்கா" என்றாள் கடைசியில். "பாதில எப்டி வுட்டுட்டுப் போறது? நான் பாக்கறேன். நீயும் வந்து பக்கத்துல குந்து."

பாலகுரு டிக்கெட் கேட்கவில்லை. சுந்தரவல்லி உட்கார்ந்து மீதிப் பாதியைப் பார்த்தாள். அவள் யோசித்து வைத்த முடிவைவிட அது எவ்வளவோ நன்றாக இருந்தது, எவ்வளவோ கொடுமையாகவும் இருந்தது. ஆஸ்பத்திரிக் காட்சியில் துர்கா அம்மாவின் முகத்தை மறைக்கப் போனாள். காமு அந்தக் கையைத் தள்ளிவிட்டாள். சிட்லபாக்கத்தில் லாரி வந்து போயிருந்தது.

திங்கட்கிழமை ஜெயசீலி வழக்கம்போல ஆரம்பித்தாள். "இந்த வாரம் என்ன படம்க்கா?"

சுந்தரவல்லி எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்றுதான் வந்திருந்தாள். அதற்குள் காமு முந்திக்கொண்டாள்.

"அது இருக்கட்டும். இந்த வாரம் நான் சொல்றேன்."

முதல் காட்சியிலிருந்து சொன்னாள். அவளுக்குக் கோர்வையாகச் சொல்லத் தெரியவில்லை. முன்னே போய்ப் பின்னே வந்தாள். ஆஸ்பத்திரி வந்ததும் நிறுத்தினாள்.

"படத்துல அந்தப் பையன் ரொம்ப அழுவறான். எங்க விக்கி அழுவலக்கா" என்றாள். "ஊசி போட வந்த நர்ஸைப் பாத்து கண்ணடிச்சான்."

அந்தப் பெயரைப் பெட்டியில் இருந்தவர்கள் அன்றுதான் முதல்முதலாகக் கேட்டார்கள்.

"எந்த கிளாஸ் படிச்சான் காமு?" என்று மெதுவாகக் கேட்டாள் சுந்தரவல்லி.

கிண்டி வந்தது. காமு இறங்கவில்லை. விக்கியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே மாம்பலம் வரை வந்தாள்.