கொழிஞ்சி என்று சொன்னேன்

பத்து வருஷம் அந்தச் செடிக்காக அலையாய் அலைந்தவள் நான். வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ பறித்து ஒட்டிவைத்த ஒரே ஒரு தாள்தான் அதற்கு ஆதாரம். அதில் 'நாகலாபுரம் பக்கம், கரிசல் மண்' என்று ஒரு வரி. அதற்குப் பிறகு எவர் கண்ணிலும் படவில்லை. அழிந்துபோயிற்று என்று புத்தகத்திலேயே எழுதிவிட்டார்கள். நான் நம்பவில்லை. ஐப்பசி மழை விழுந்ததும் கோவில்பட்டியில் பஸ் ஏறிவிடுவேன். செருப்பில் கிலோக் கணக்கில் மண் அப்பிக்கொள்ள, விளாத்திகுளம் வரை ஒரு புஞ்சை விடாமல் தேடினேன். தை பிறந்தால் நிறுத்திவிடுவேன். காய்ந்த கரிசலில் மாசியில் என்ன பூக்கப்போகிறது?

மாசியில்தான் பூத்திருக்கிறது, சனியன்.

எங்கள் கல்லூரித் தாவரவியல் துறையில் எனக்கு அடுத்த நாற்காலியில் ஒருத்தி, என்னைப் போலவே டீச்சர். என்னைவிட எட்டு வயது சின்னவள். பசுவந்தனையில் மதினி வீட்டுக் காதுகுத்துக்குப் போனவள், கறிச்சோறு தின்றுவிட்டு அவர்கள் மிளகாய்த் தோட்டத்தை ஒட்டிய தரிசில் காலாற நடந்திருக்கிறாள். திங்கட்கிழமை டிபன் டப்பாவைத் திறந்து ஈரத்துணியை விரித்தாள்.

"யக்கா, இது என்னன்னு பாருங்க. மண்ணு வெடிப்புக்குள்ள ஒரு பாய் அகலத்துக்கு நிக்குது. உழுதுராதீங்கன்னு மதினிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்."

இலையைத் திருப்பினேன். அடியில் வெள்ளி மயிர். ஒற்றை ஒற்றையாக ஊதாப் பூ. அந்தத் தாளைக் கண்ணை மூடிக்கொண்டும் வரைவேன் நான். அதேதான். வயிறு எரிந்தது. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு விருந்துக்குப் போனவளுக்கா கிடைக்க வேண்டும்? இனி அவள் படம் பேப்பரில் வரும். நான் பக்கத்தில் நின்று கைதட்ட வேண்டும்.

"ஏட்டி, இது வெறும் கொழிஞ்சி, தரிசெல்லாம் கிடக்குமே. வறட்சியில இப்படிச் சிறுத்துப் பூத்திருக்கு," என்றேன்.

"அப்படியாக்கா? நீங்க சொன்னாச் சரி."

அவள் முகம் வாடியதும் எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. அதையும் சொல்லத்தானே வேண்டும். அவள் வகுப்புக்குப் போனதும் செடியைப் பழைய செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்தி என் அலமாரியில் பூட்டினேன். ஞாயிற்றுக்கிழமை நானே போவேன், நானே கண்டுபிடிப்பேன். பிறகு யார் என்ன கேட்டுவிட முடியும்?

வியாழக்கிழமை பருவம் தப்பி ஒரு மழை பெய்தது. ஞாயிறன்று வழி விசாரித்துப் போய்ச் சேர்ந்தால், அந்த இடம் முழுக்கப் புரண்டு கிடந்தது. வரப்பில் அவள் மதினி நின்றாள்.

"இங்கன ஒரு செடி நின்னுச்சாமே?"

"ஆமா, உழாதீங்கன்னுதான் சொல்லிட்டுப் போனா. பொறவு அவளே எங்க ஊர்க் கடைக்குப் போன் போட்டு, 'அது கொழிஞ்சிதானாம், பெரிய டீச்சர் சொல்லிட்டாவ'ன்னா. கொழிஞ்சின்னா நல்ல தழையுரமில்லா? மழையும் விழுந்துச்சு, மடக்கி உழுதுட்டோம்."

உட்கார்ந்து மண்கட்டிகளைப் புரட்டினேன். விரல் நகமெல்லாம் கறுத்தது. ஒரு வேர்கூடக் கிடைக்கவில்லை.

மறுநாள் அலமாரியைத் திறந்து, செடி இருந்த செய்தித்தாளை அவள் மேஜையில் விரித்தேன். "பொய் சொல்லிட்டேன். அழிஞ்சு போச்சுன்னு சொன்ன செடி இதுதான். கண்டுபிடிச்சது நீதான்." கத்துவாள், பிரின்சிபாலிடம் போவாள் என்று காத்து நின்றேன். அவள் அந்தச் செடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கன இன்னும் நிக்குதாக்கா?" என்றாள்.

தன் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பேன். உழுதுவிட்டார்கள் என்று சொல்ல வேண்டிய அந்த நிமிஷத்திலும் அவளைப் பார்த்து எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.