நெல்லியடியிலிருந்து தெல்லிப்பழை டைனோவுக்கு: 26 கிலோமீட்டர், பத்தேகால் மணித்தியாலம்

இருபத்தாறு கிலோமீட்டருக்கு ஒரு பயணக் கட்டுரையா என்று சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள். போன சனிக்கிழமை காலை 7.05க்கு நெல்லியடியிலிருந்து வெளிக்கிட்டவன் வீடு திரும்பும்போது பின்னேரம் 5.20. அந்த நேரத்துக்குக் கொழும்புக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

போனது காரை டைனோவில் ஏற்ற. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். டைனோ என்றால் பெரிய இரும்பு உருளை. அதன்மேல் பின்சில்லுகளை ஏற்றி, காரைப் பட்டிகளால் இறுக்கிக் கட்டி, நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் ஓடவிடுவார்கள். எஞ்சினின் சக்தி எவ்வளவு, காற்றும் பெற்றோலும் சரியாகச் சேர்கின்றனவா என்பதெல்லாம் திரையில் கோடாக விழும். பிழை இருந்தால் எஞ்சினின் கொம்பியூட்டரில் அங்கேயே திருத்தலாம். கொழும்பில் வேலை செய்யும் சுதன் என்ற தெல்லிப்பழைப் பொடியன் வருஷத்தில் இரண்டு தரம் ஒரு டைனோவை லொறியில் கொண்டுவந்து, ஊரில் பூட்டிக் கிடக்கும் அரிசி ஆலை வளவில் இறக்குவான். இந்த முறை சனிக்கிழமைதான் கடைசி நாள். நான்கு மணிக்கு லொறி வெளிக்கிட்டால் அடுத்த வருகைக்கு ஆறு மாதம்.

எனக்கு ஆறு மாதம் பொறுக்க வழியில்லை. என்னுடையது இருபத்திரண்டு வயதான யப்பான் டர்போ கார். போன வருஷம் கொழும்பிலிருந்து திரும்பும்போது ஆனையிறவில், பகல் இரண்டு மணி வெயிலில், பெற்றோல் போதாமல் வெந்து ஒரு பிஸ்டன் உருகிப்போய்விட்டது. என் மனைவி வதனி இரண்டு மணித்தியாலம் சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு றோட்டோரம் இருந்தாள். பேசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்த பிறகு, "அடுத்தமுறை வழியிலை நிண்டா வித்துப்போடுங்கோ" என்று மட்டும் சொன்னாள். நானும் ஓம் என்றேன். எட்டு மாதமாகப் புது எஞ்சின் கட்டி முடித்தாயிற்று. அதற்கேற்ற கணக்கைக் கொம்பியூட்டரில் எழுதாமல் மிதித்தால் அதுவும் உருகும். வதனிக்குச் சொன்ன சொல்லுப்படி காரையும் விற்க வேண்டியதுதான்.

தொண்டைமானாறு வரை நல்ல ஓட்டம். வதனி அச்சுவேலியில் தமக்கை வீட்டில் இறங்குவதாகக் கூடவே வந்தாள். பாலம் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில், "இஞ்சருங்கோ, நிப்பாட்டுங்கோ. புது எஞ்சினுக்குப் பூசை செய்யேல்லை" என்றாள். றோட்டோரம் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். மணி 7.30. சரி, பத்து நிமிஷம்தானே என்று நிறுத்தினேன்.

ஐயர் சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைக்கும்போது சுதன் அழைத்தான். சிக்னல் இல்லாமல் நான் ஐம்பது மீற்றர் தள்ளிப் போய் நின்று கேட்டேன். "அண்ணை, ஒன்பதரைக்கு இஞ்சை நிக்கோணும். பிந்தினா அடுத்த ஆளை ஏத்திப்போடுவன்." திரும்பி வந்தால் பூசை முடிந்து வதனி சீற்றில் இருக்கிறாள். முன்பக்கத்தில் சந்தனப் பொட்டு, செவ்வரத்தம்பூ. தேசிக்காயை நசுக்கிக்கொண்டு புறப்பட்டோம்.

அவளை அச்சுவேலியில் இறக்கிவிட்டு 8.50க்கு ஆலையடியில் நின்றேன். ஒன்பதரைக்குப் பிந்தக்கூடாது என்று வெருட்டியவன் ஒன்பதரைக்குத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். கார் உருளையில் ஏறியது 9.55க்கு. இரண்டு மணித்தியாலத்துக்குக் கட்டணம் முப்பத்தையாயிரம் ரூபா.

முதல் ஓட்டத்தில் நூற்றறுபத்து நான்கு குதிரைவலு. சுதன் பாதியிலேயே காலை எடுத்துவிட்டான். "அண்ணை, பெற்றோல் காணாது. இப்பிடி ஓடினா எஞ்சின் வெந்துபோம்." ஆனையிறவில் நடந்ததும் இதுதான்.

அதன் பிறகு நடந்த கூத்தைச் சொல்லி முடியாது. காற்றுக் குழாய் ஒவ்வொன்றிலும் சவர்க்காரத் தண்ணீர் தடவிப் பார்த்தோம். ஒரு குமிழி இல்லை. பெற்றோல் பம்பை அளந்தோம், அது நல்லாக இருந்தது. பிளக் நாலையும் மாற்றினோம். கொம்பியூட்டரில் பெற்றோலைக் கூட்டினால் ஒரு ஓட்டம் சரியாக வரும், அடுத்தது பழையபடி. "உதை ஆர் கட்டினது?" என்று சுதன் நாலாம் தரமும் கேட்டான். "நான்தானடாப்பா கட்டினது!" என்று நாலாம் தரமும் சொன்னேன். விசர்தான் பிடித்தது. 11.55 ஆகிவிட்டது, என் நேரம் முடிந்தது.

அடுத்த முறைக்காரன் குருநகர் அன்ரன். தகப்பனுக்கு இரண்டு மீன்பிடி வள்ளம், இவனுக்கு ஒரு வெள்ளை டர்போ கார். என்னைக் கலைத்துவிட்டுத் தன் காரை ஏற்றியிருக்கலாம். அவனோ பொனற்றுக்குள் தலையை விட்டு மூக்கை உறிஞ்சினான்.

"அண்ணை, உங்கடை எஞ்சின் கோயில் மணக்குது."

"விசர்க் கதை கதையாதை."

"சத்தியமா அண்ணை. சந்தனம் வேகிற மணம்."

சுதன் எஞ்சினுக்குப் போகும் காற்றில் தூசியை வடிகட்டுகிற காற்று வடியைக் கழற்றினான். அதன் தலையில் மஞ்சளாக மூன்று விரல் சந்தனம். மடிப்புகளுக்குள் விபூதி. அடுத்ததாக, உள்ளே போகும் காற்றை அளக்கிற சென்சரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். மயிரிழை போன்ற கம்பி வெள்ளை வெளேரென்று இருந்தது. அந்தக் கம்பியில் தூசி படிந்தால் வருகிற காற்றைக் குறைவாகக் காட்டும். கொம்பியூட்டர் அதை நம்பிப் பெற்றோலைக் குறைக்கும். காலையிலிருந்து நாங்கள் பெற்றோலைக் கூட்டிக் குறைத்து மல்லுக்கட்டியதெல்லாம் விபூதியோடு.

"கோதாரி!" என்று கத்திவிட்டேன்.

"இதுக்கு விபூதியை மட்டும் குறை சொல்லேலாது அண்ணை," என்றான் சுதன். "நல்ல வடியெண்டா உது உள்ளுக்கை போயிராது. என்ன விலைக்கு வாங்கினனீங்கள்?"

"இரண்டாயிரத்தி எண்ணூறு."

அன்ரன் வடியை வாங்கிச் சூரியனுக்கு நேரே பிடித்தான். "உந்தக் கண்ணுக்குள்ளாலை எங்கடை நெத்தலியே நீந்திப் போகும். எங்கடை மாதா கோயில் சுவாமியும் கார் மந்திரிக்கிறவர்தான், ஆனா தீர்த்தம். அது காய்ஞ்சுபோம்."

சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை. வதனிக்கு மூன்று தரம் போன் அடித்தேன், எடுக்கவில்லை. சென்சரைக் கழுவிக் காயவைக்க வேண்டும், காலையில் எழுதிய கணக்கு முழுவதையும் அழிக்க வேண்டும். "அப்ப என்ரையை முதல் முடிப்பம். பேந்து மிச்ச நேரம் உங்களுக்கு" என்று அன்ரன்தான் வழி சொன்னான். தன்னுடைய இன்னொரு வடியையும் கழற்றித் தந்தான். சும்மா சொல்லக்கூடாது, அந்த நாளில் பொறுமையாக இருந்த ஒரே மனிதன் அவன்தான்.

2.15க்கு மறுபடி ஏற்றினோம். ஆறு ஓட்டம். கடைசி ஓட்டத்தில் இருநூற்று நாற்பத்தெட்டுக் குதிரை. பெற்றோல் கோடு கடைசிவரை அசையவில்லை. "இனிப் பயமில்லாமல் மிதியுங்கோ" என்று சுதன் சொல்லும்போது மணி 3.25. சந்தோஷப்பட வேண்டிய நேரம். நான் அச்சுவேலி வரையும் வதனிக்குச் சொல்ல வேண்டியதை மனதுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே ஓடினேன்.

காரில் ஏறியவள் முதலில் கேட்டது, "சரி வந்ததோ? இனி வழியிலை நிக்காதே?"

"நிக்காது. அதிருக்கட்டும், நீரோ பொனற்றைத் திறக்கச் சொன்னனீர்?"

"ஓம். ஏன்?"

"ஏனோ? எஞ்சினுக்குள்ளை விபூதியைக் கொட்டி, நாள் முழுக்க நாசமறுப்பு! இன்னும் நாலு தரம் ஓடியிருந்தா எஞ்சின் முடிஞ்சுது! வெளியிலை பூசினாக் காணாதோ?"

அவள் முகம் வாடிவிட்டது. "போனமுறை உள்ளுக்கைதானே வெடிச்சது. வெளியிலை பூசி என்ன செய்யிறது?" கண்ணாடியை இறக்கிவிட்டுச் சொன்னாள், "அர்ச்சனைக்கு நட்சத்திரம் கேட்டவர் ஐயர். காருக்கு என்னெண்டு எனக்குத் தெரியேல்லை. உங்கடை சதயத்தைச் சொன்னன்."

எட்டு மாதமாக அந்தக் காரை அவள் வெறுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தொண்டைமானாறு வரை இரண்டாம் கியரிலேயே ஓடியிருக்கிறேன், அவள் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

போக நினைக்கிறவர்களுக்கு: இரண்டு கிழமைக்கு முன்பே நேரம் சொல்லி வையுங்கள். அச்சுவேலிப் பக்கத்தால் வந்தால் பள்ளம் குறைவு, ஆனால் நிலத்தோடு பதிந்த காரென்றால் ஆலை வாசல் மதகில் அடி தட்டும், சரிவாக ஏற்றுங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், பக்கத்தில் கடை இல்லை. 95 ஒக்டேன் முதல் நாளே நிரப்புங்கள். வடியில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள், நல்லதொன்று பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு, நேற்று வாங்கிவிட்டேன். டைனோவுக்கு முன் பூசை செய்யவே செய்யாதீர்கள் என்று எழுதத்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன். செய்யுங்கள். வடியை ஒரு சொப்பிங் பையால் கட்டிவிட்டு, பொனற்றை நீங்களே திறந்து கொடுங்கள்.