மூண்டு மாசியும் வாசலுக்கு வந்த கார்

மூண்டு வருசமா ஒரு சாம்பல் நிறக் கார் என்ர நித்திரையைக் கெடுத்தது. அடியார்களே, அந்தப் பயத்தில இருந்து பிள்ளையார் என்னை மீட்ட கதையைச் சொல்ல வந்தனான்.

ஊரை விட்டு இந்தப் பனி நாட்டுக்கு வந்த நானும் என்ர மனுசி ரஞ்சியும் வோபர்ன் எண்ட இடத்தில ஒரு பழைய செங்கல் வீடு வாங்கினம். முதல் மாசி மாதம் ஒரு பகல், எதிர்ப்பக்கம் அந்தக் கார் வந்து நிண்டது. உள்ளுக்கு ஒரு வயசான வெள்ளைக்காரர். அரை மணித்தியாலம் எங்கட வீட்டையே பார்த்திட்டுப் போனார். அடுத்த வருசமும் அதே நாள் வந்தார். படமும் எடுத்தார்.

யுத்த நேரம் எங்கட ஊரில அப்பிடி வாகனம் வந்து நிண்டா, ஆளைப் பிடிச்சுக்கொண்டு போவாங்கள்; பிறகு வீட்டில ஒரு ஆள் குறையும். அந்தப் பயம் எனக்குப் போகேல்லை. வாசலில கமரா பூட்டினன். பக்கத்து வீட்டுக்காரரையும் சந்தேகப்பட்டன். வெள்ளிக்கு வெள்ளி றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போய், "பிள்ளையாரே, உந்த மனுசனை என்ர வாசலுக்கு வராமப் பண்ணு" எண்டு அழுதன்.

மூண்டாம் வருசமும் வந்தார். எனக்குப் பிள்ளையாரிலயே கோபம். கர்ட்டின் இடுக்கால அவரை வீடியோ எடுத்துக்கொண்டு நிண்டன். திடீரெண்டு அவர் இறங்கி எங்கட வீட்டின்ர பக்கவாட்டுக்கு ஓடினார். கொஞ்சத்தால கதவில படபடவெண்டு அடிச்சார். நான் இரண்டாவது பூட்டையும் போட்டன்.

"உங்கட மனுசி விழுந்து கிடக்கிறா! திறவுங்கோ!" எண்டு இங்கிலீசில கத்தினார்.

நான் நம்பேல்லை. ரஞ்சி குசினிக்குள்ள சமைக்கிறாள் எண்டுதான் நினைச்சன். கூப்பிட்டுப் பார்த்தன். சத்தமில்லை.

பக்கக் கதவால ஓடினன். நடைபாதை வழுக்காம இருக்க ஐஸுக்கு உப்புப் போடப் போனவள் சறுக்கி விழுந்து தலையடிபட்டுக் கிடந்தாள். பனியில இரத்தம். அவர் தன்ர கோட்டால அவளை மூடிப்போட்டு, வெறும் சேட்டோட நடுங்கி நடுங்கி அம்புலன்சோட கதைச்சுக்கொண்டிருந்தார்.

மூளையில இரத்தக் கசிவு. கொஞ்சம் பிந்தியிருந்தாத் தப்பியிருக்கமாட்டா எண்டு டொக்டர் சொன்னா.

அவரும் ஆஸ்பத்திரியில எங்களோட இருந்தார். எனக்கு அப்பவும் சந்தேகம். "ஏன் எங்கட வீட்டைப் பார்க்கிறனீங்கள்?" எண்டு கேட்டன்.

"என்ர அம்மா பிறந்த வீடு அது" எண்டார். அவவின்ர தம்பி குண்டுவீச்சு விமானத்தின்ர விமானி. இருபத்திரண்டு வயசு. இரண்டாம் உலக யுத்தத்தில, ஒரு மாசி இரவு ஜேர்மனிக்குப் போன விமானம் திரும்பேல்லை. உடலும் இல்லை, கல்லறையும் இல்லை. தம்பி போன அதே நாளில அம்மா ஒவ்வொரு வருசமும் அந்த வீட்டுக்கு முன்னால வந்து நிப்பாவாம். அவவுக்குப் பிறகு இவர் வாறார்.

"கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாமே?"

"நான் வந்தவுடனை நீங்கள் கர்ட்டினை மூடுவீங்கள்" எண்டார்.

குண்டு போடப் போனவன் எண்டதும் என்ர மனம் இறுகினது உண்மை. குண்டுக்குப் பயந்து பங்கர்க் குழிக்குள்ள கிடந்தவன் நான். ஆனா எனக்கும் ஒரு தம்பி இருந்தவன். அவனையும் அப்பிடி ஒரு வாகனத்தில கொண்டுபோனவங்கள், தகவலே இல்லை. அதை முதல் முதலா அந்த மனுசனுக்குத்தான் சொன்னன். அவர் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டிருந்தார்.

ரஞ்சி சுகமாகி வந்திட்டா. இந்த மாசி அவரை உள்ளுக்குக் கூப்பிட்டம். தன்ர மாமன் படுத்த மேலறையில கன நேரம் இருந்திட்டு, எங்களோட தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனார்.

நான் துரத்தச் சொல்லிக் கேட்ட ஆளை, பிள்ளையார் எனக்குத் துணையா வைச்சிருந்தார். நீங்கள் கேட்டது கிடைக்கேல்லை எண்டு அவரைக் கோவிக்காதேங்கோ. கொஞ்சம் பொறுத்து நம்புங்கோ. எனக்குப் பயம் முழுக்கப் போகேல்லை. ஆரும் தட்டினா இப்பவும் நெஞ்சு இடிக்கும். ஆனா போய்த் திறக்கிறன்.