பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள்

இருட்டிவிட்டால் மனைவி ஓட்ட, கணவர் பின்னால் உட்கார்ந்து போகிற மோட்டார் சைக்கிள் நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்கில் ஒன்றே ஒன்றுதான். எங்களுடையது. சிரித்தவர்கள் சிரிக்கட்டும், என் கையில் வண்டிக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை.

எழுபதுகளின் கடைசியில் வாங்கிய பழைய வண்டி அது. ஞாயிறுகளில் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் எனக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்ததே அவர்தான். மூன்றாவது வாரம் அவர் கியர் மாற்றுவதில் நான் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டேன். ஆனாலும் ரோட்டில் ஓட்டுவது அவர், புடவையோடு ஒருக்களித்துப் பின்னால் உட்காருவது நான் என்றுதான் இரண்டு வருடம் இருந்தோம்.

இரவுச் சவாரிதான் சுகம். டவுன்ஷிப்பில் மின்சாரத்துக்கா பஞ்சம், தெருவெல்லாம் விளக்கு. வெக்கை தணிந்து, ரோடு காலியாகக் கிடக்கும். அவர் முறுக்குகிற முறுக்கில் என் காதில் காற்றைத் தவிர ஒன்றும் கேட்காது. கண்ணில் பூச்சி விழுவதையும் சாணத்தில் சக்கரம் வழுக்குவதையும் நாங்கள் ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டதில்லை.

டவுன்ஷிப்பைத் தாண்டினால் அவர் வேறு ஆள். குறிஞ்சிப்பாடியில் என் அம்மா வீட்டிலிருந்து இரவில் கிளம்பும்போது, ஏதாவது சாக்குச் சொல்லி நெய்வேலி பஸ் வரும்வரை காத்திருப்பார். பிறகு அதன் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டே வருவார். பஸ் நின்றால் நிற்பார். டீசல் புகை முழுக்க எங்கள் முகத்தில். பயந்தாங்கொள்ளி என்று கிண்டல் செய்வேன். அவர் மறுத்ததே இல்லை.

ஒர்க்‌ஷாப்பில் பகல் வேலை பார்த்துவந்த அவரை மைன்ஸில் ஆபரேட்டராக எடுத்தார்கள். பல வருடம் காத்திருந்து கிடைத்த வேலை. பெரிய இயந்திரம், மூன்று ஷிஃப்ட், திங்கட்கிழமை சேர வேண்டும். அந்தச் சந்தோஷத்தை என் வீட்டில் சொல்லத்தான் சனிக்கிழமை குறிஞ்சிப்பாடி போனோம். இரவு திரும்பும் வழியில், முன்னால் போன பஸ் பஞ்சராகி நின்றுவிட்டது. ஆட்கள் பார்க்கிறார்கள் என்ற ரோஷத்தில் அவர் அதைத் தாண்டி ஓட்டினார்.

எங்கள் ஹெட்லைட் மங்கல்தான். ஆனாலும் முன்னால் வைக்கோல் ஏற்றிய மாட்டு வண்டி போவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. முதுகில் ஓங்கி அடித்தேன். சட்டென்று பிரேக் பிடித்தார். ரோட்டோர மணலில் இறங்கி நின்றோம்.

“முன்னால வண்டி போய்க்கினு இருக்குதே, தெரியலைங்களா?” என்றேன்.

“எந்த வண்டி?” என்றார்.

அது அப்போதும் இருபதடி தள்ளித்தான் போய்க்கொண்டிருந்தது.

நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தேன். வீடு வரை நானே ஓட்டினேன். வந்ததும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: வேலையில் சேருமுன் அவரே கம்பெனி டாக்டரிடம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் போய்ச் சொல்வேன். இயந்திரத்துக்குக் கீழே ஆட்கள் நின்று வேலை செய்கிற இடம் அது. சொன்னது சரிதான் என்று தெரிந்தும் அன்றிரவு அழுதேன். அவர் ஆசைப்பட்ட வேலையை நானே பிடுங்குகிற மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போனவர் மதியம் திரும்பினார். பிறவியிலேயே மாலைக்கண்ணாம். ஆபரேட்டர் வேலை வேறு ஒருவருக்குப் போய்விட்டது, இவருக்குப் பழைய ஒர்க்‌ஷாப்பே. சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார். போன வேலையைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்தேன்.

“ராத்திரியில எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். மத்தவங்களுக்கு தைரியம் ஜாஸ்தி, எனக்குத்தான் இல்லன்னு நெனச்சிக்கிட்டே இருந்துட்டேன்” என்றார்.

தட்டை எடுக்கப் போனவள் அப்படியே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்றுமே தெரியாத ரோட்டில் இரண்டு வருடம் என்னைப் பின்னால் வைத்து ஓட்டியிருக்கிறார். அந்த தைரியம் எனக்கு வராது.