என் முதல் தம்பதி

குடும்பச் சண்டைகளைப் பேசித் தீர்க்கும் பயிற்சியில் எனக்கு இன்று முதல் தம்பதி. இதில் தோற்றால் சான்றிதழ் கிடையாது. ஆனைக்குட்டத்தில் குதிரை வண்டியை விட்டு இறங்கி நேராக அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

கணவனும் மனைவியும் வாசலில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவே ஒரே பசைச் சட்டி. ஆனால் தீபாவளியிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

"டீச்சரம்மா, கஞ்சி வேணுமான்னு அவுககிட்ட கேளுங்க."

"வேண்டாம்னு சொல்லுங்க."

நானும் மாறி மாறிச் சொன்னேன். இதற்கா மதுரையில் போய்ப் படித்தேன்?

என் ஊர், சாதி, சொந்தம் எல்லாம் வந்ததுமே விசாரித்துவிட்ட அந்த அக்கா, "ஒங்க வீட்டுக்காரரு என்ன வேலை பாக்காக?" என்றாள்.

"இன்னும் கல்யாணம் ஆகலைக்கா."

அவள் கை நின்றது. நேராகக் கணவனைப் பார்த்தாள்.

"ஏங்க, மல்லாங்கிணத்துல ஒங்க சித்தப்பா மகனுக்கு இன்னும் பொண்ணு அமையலைல்ல?"

"அவனா? அவன் கோவக்காரப் பயலாச்சே!"

"இருந்தா என்ன? இவுகதான் பேசியே சரி பண்ணிருவாகல்ல!"

இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க அவனைக் கூட்டி வருகிறார்களாம்.

தம்பதி பேசிவிட்டார்கள் என்று எங்கள் பயிற்சி மேடத்திடம் தைரியமாகச் சொல்வேன். என்ன பேசினார்கள் என்று கேட்டால்? யாராவது ஒரு வழி சொல்லுங்களேன், ஞாயிற்றுக்கிழமைக்குள்.