பன்னிரண்டு ஸ்கேலும் ஒரு கண்டக்டரும்

எங்கள் பஸ் டிப்போவில் பாண்டு வாத்தியக் குழு ஆரம்பித்தபோது, சீருடையின் தோளில் தொங்கப்போகும் பொன்னிறக் குஞ்சத்துக்காகத்தான் பெயர் கொடுத்தேன். வெளியே சொல்லிக்கொண்டது இசை ஆர்வம் என்று. தலை பாதி நரைத்த கண்டக்டருக்கு அது திடீரென்று எங்கிருந்து முளைக்கும்?

கையில் ட்ரம்பெட்டைக் கொடுத்தார்கள். டயர் ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவர்தான் பாண்டு மாஸ்டர். சி, ஏ ஃப்ளாட் என்று பேர் வைத்த பன்னிரண்டு மேஜர் ஸ்கேலையும், அதாவது ஏறி இறங்கும் சுரவரிசைகளை, மனப்பாடம் பண்ணிவரச் சொன்னார்.

"அவ்வளவுதானா சார்?" என்றேன். எந்த ரூட்டானாலும் ஸ்டாப்புகளைத் தலைகீழாக ஒப்பிக்கிற ஆள் நான். ட்ரம்பெட்டில் இருப்பதோ மூன்றே பட்டன். இதற்குப் போய் வருஷக்கணக்காகப் படிக்கிறவர்களை நினைத்துப் பரிதாபம்கூட வந்தது.

வீட்டில் முதல்தடவை ஊதியதும், மருந்துக்கடை வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்த மனைவி சோப்பு நுரையோடு ஓடிவந்தாள். "யாருக்கு என்ன ஆச்சு?"

அதோடு ஊதுவதை நிறுத்திவிட்டு, விரலாலேயே மனப்பாடம் பண்ணினேன். சாப்பாட்டுத் தட்டில், கைப்பிடிக் கம்பியில், தலையணையில். ஒருநாள் நினைவில்லாமல் பெல் பட்டனிலும். டிரைவர் பிரேக் போட்டார்.

"இங்க யாருப்பா இறங்குறாங்க?"

"யாரும் இல்லண்ணே. ஏ ஃப்ளாட்."

"அது எந்த ஸ்டாப்பு?"

மாஸ்டர் ஒவ்வொருவராக வாசிக்கச் சொன்ன நாளில், எல்லாரும் பார்க்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு ஊதினேன். ஒரு விரல் தப்பவில்லை. ஆனால் ட்ரம்பெட்டில் ஒரே பட்டனை வைத்துக்கொண்டே உதட்டை இறுக்கினால் ஒரு சுரம், தளர்த்தினால் இன்னொரு சுரம். இந்த விஷயம் தலையணையில் பழகியவனுக்குத் தெரியாது. சி மேஜர் ஏறவேண்டிய இடத்தில் வழுக்கி, இறங்கவேண்டிய இடத்தில் கத்தியது.

மாஸ்டர் கொஞ்சநேரம் என் விரல்களையே பார்த்தார். "விரல் ரொம்ப சுத்தம். உதடுதான் இன்னும் டூட்டிக்கு வரல."

புது பஸ்களை விடுகிற விழா நெருங்கிவிட்டது. வரிசைக்கு ஆள் பற்றாததால் என்னை விலக்கவில்லை. "நில்லுங்க, விரலை ஆட்டுங்க. காத்து மட்டும் வேண்டாம்" என்றார். குஞ்சம் பளபளக்க, பாட்டு முழுக்கப் பிழையில்லாமல் விரலை ஆட்டிவிட்டு வந்தேன்.

விழா போட்டோவை மனைவி கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் கன்னம் பலூனா இருக்கு. உங்களுக்கு மட்டும் ஏன் ஒட்டிப்போயிருக்கு?"

"அது ஒரு டெக்னிக்."

"நீங்க ஊதவே இல்ல."

"இல்ல."

சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போய் ட்ரம்பெட்டை எடுத்துட்டு வாங்க" என்றாள். மாத்திரை எண்ணும்போதெல்லாம் எதையாவது முணுமுணுக்கிறவள் அவள். சுருதி அவளுக்குத்தான் இருந்திருக்கிறது. அவள் ஒரு சுரத்தைப் பாடிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் இருட்டில் செருப்பைத் தேடுகிறவன் மாதிரி உதட்டால் துழாவுவேன். தினமும் மாலையில் இதே கூத்து. சி மேஜர் ஒருவழியாக ஏறி இறங்கியது. மற்ற பதினொன்றும் விரலிலேயே இருக்கின்றன.

அடுத்த விழாவில் மாஸ்டர் என்னை நம்பி ஒரு சுரம் கொடுத்தார், கடைசியில் நீட்டி ஊதுவது. ஊதினேன். சுருதி நூலிழை கீழே நின்றது. கூட்டத்திலிருந்த மனைவி, இன்னும் மேலே என்று புருவத்தைத் தூக்கிக் காட்டினாள். நானும் முழு மூச்சையும் கொடுத்துத் தூக்கினேன்.

என் புருவம்தான் ஏறியது.